நூற்றுப்பத்துக்கு எழுபது

ஜூலை 4, செவ்வாய்

கர்ப்பிணிகள் கிளினிக். இருபத்தோரு பேர். ஒன்பது மணிக்கே வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் இருப்பது இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு நர்ஸ் ஜெசிந்தா, அதாவது நான். இதில் ஃபேன் மட்டும்தான் அவ்வப்போது ஓய்வெடுக்கும்.

பிரஷர் மெஷின் டியூப்பில் ஓட்டை. எழுதிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. வரும், வரும் என்கிறார்கள். ஏழு பேர் வரை எப்படியோ ஓட்டினேன். எட்டாவது ஆளுக்குப் பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கியும் முள் எழும்பவில்லை. விரலால் பொத்திப் பார்த்தேன், பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தேன். சனியன், அசையவில்லை. சிறுநீரில் புரதம் பார்க்கும் குச்சியும் போன வாரமே தீர்ந்துபோனது. இவளோடு சேர்த்துப் பதினாலு பேர் பாக்கி. அரை நாளாவது உப்பளத்துக்குப் போகவேண்டும் என்று முணுமுணுக்கிறார்கள். ஒரு மணிக்குள் எல்லோரையும் முடித்து அனுப்பிவிட்டேன்.

கடைசியாக வந்தவள் இசக்கிராணி. வயது இருபத்திரண்டு, தலைப்பிள்ளை, முப்பது வாரம். அம்மா இல்லாதவள். புருஷன் உலகநாதன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறான். இவள் அளத்தில் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறாள். காலை அமுக்கினால் குழி விழுந்தது. "அளத்துக் கால் சிஸ்டர். தண்ணியில நின்னா இப்படித்தான் ஆவும்" என்று அவளே பதிலும் சொல்லிவிட்டாள். இந்த ஊரில் எவள் காலை அமுக்கினாலும் குழி விழத்தான் செய்யும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். எப்படி இருக்கு என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். கர்ப்பிணிப் பதிவு அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வரும் நாள். பன்னிரண்டு குடம். முட்டி கழன்றுவிடும் போலிருக்கிறது.

ஜூலை 5, புதன்

தடுப்பூசி. முப்பத்து நாலு குழந்தை, முப்பத்து நாலு அழுகை.

சாயங்காலம் நேற்றைய இருபத்தோரு பேர் விவரத்தையும் போனில் டிபார்ட்மென்ட் ஆப்பில் ஏற்றினேன். ஆளுக்கு நாற்பது கட்டம். பிரஷர் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகவே விடாது. மெஷின் ரிப்பேர் என்று எழுத அதில் இடம் கிடையாது. எல்லாம் ஏறிவிட்டது. இருபத்தொன்றும் பச்சை.

ஜூலை 9, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து நேரே இசக்கிராணி வளைகாப்புக்குப் போனேன். ஆடி பிறந்துவிட்டால் செய்யக்கூடாது என்று முந்தியே வைத்துவிட்டார்கள். மாமியார் சண்முகக்கனி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளும் முப்பது வருஷம் அளத்தில் நின்றவள்தான். மருமகள் மேல் கொள்ளைப் பிரியம். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம். நான் தேங்காய் சாதம் இரண்டு தரம் வாங்கினேன்.

வளையல் ஏறவில்லை. கையில் சோப்பு நுரை தடவித் தடவி ஏற்றினார்கள். ராணி பூசினாற்போல இருக்கிறாள், பெண்பிள்ளைதான் என்று ஆளாளுக்குக் கேலி. அவளும் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. நான் பக்கத்தில் போய்த் தலை வலிக்கிறதா என்று கேட்டேன். வெயில்ல நின்னா வலிக்காதா என்றாள். செவ்வாய்க்கிழமை கட்டாயம் வந்துவிடு, ஒருதரம் பார்த்துவிடலாம் என்றேன்.

"நீங்கதான போன வாரம் நல்லாருக்குன்னு சொன்னிய, சிஸ்டர்?"

வா என்றால் வா என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 11, செவ்வாய்

பதினெட்டுப் பேர். இசக்கிராணி வரவில்லை. அளத்துக்குப் போயிருக்கிறாளாம். நாளை தடுப்பூசி முடிந்ததும் வீட்டுக்கே போய்ப் பார்க்கவேண்டும். பக்கத்து ஊர் நர்ஸிடம் இன்றைக்குப் போலவே நாளைக்கும் மெஷின் இரவல் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 12, புதன்

மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவே ஐந்தரை ஆகிவிட்டது. மெஷின் தருவதாகச் சொன்ன நர்ஸ் அதற்குள் பஸ் ஏறிவிட்டாள். நாளைக்குப் போகலாம்.

ஜூலை 13, வியாழன்

இசக்கிராணி பெரியாஸ்பத்திரியில். எழுதத் தெம்பில்லை.

ஜூலை 14, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதிவைக்க வேண்டும். பின்னால் யாராவது கேட்பார்கள்.

பதினொன்றரைக்கு அளத்துக் கங்காணி போன் பண்ணினார். காலையிலிருந்தே தலைவலி, நெஞ்சுக்குழியில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். வாய்வு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு மறுபடி பாத்தியில் இறங்கினவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தால் சேலை முழுக்க ரத்தம். வரப்பில் ஆம்புலன்ஸ் இறங்காது. உப்புக் குவியலை மூடும் படுதாவில் கிடத்தி, நாலு பெண்கள் நாலு முனையைப் பிடித்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நான் ஸ்கூட்டியில் போய்ச் சேரவும் அவர்கள் ரோடு ஏறவும் சரியாக இருந்தது.

வயிற்றைத் தொட்டேன். பலகை. விட்டு விட்டு வலித்தால் பிரசவ வலி, இது விடவே இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வயிற்றை இரண்டு தரம்தான் தொட்டிருக்கிறேன். அந்த இரண்டு பிள்ளையும் தங்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் நஸ்ரின் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றிருபது. நஞ்சுக்கொடி பிள்ளைக்கு முன்னாலேயே பிரிந்துவிட்டது, உள்ளேயும் ரத்தம் கட்டியிருக்கும், அரை மணி கூட வைத்திருக்கக் கூடாது என்றார். வலிப்பு வராமலிருக்க இரண்டு பக்க இடுப்பிலும் மக்னீசியம் ஊசி. டிரிப்ஸ் போடக் கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் வளையல். வீக்கத்தில் ஒன்றும் கழலவில்லை. நான்தான் கத்தரிக்கோல் பிடியால் தட்டித் தட்டி உடைத்தேன். சண்முகக்கனி அம்மாள் வாசலில் நின்று, வளையலை உடைக்காதிய, எம்மா உடைக்காதிய என்று அழுதாள். காதில் வாங்கினால் முடியுமா. இருபத்தொரு வளையல்.

அதற்குள் டாக்டர் அட்டையைக் கேட்டார். இசக்கிராணி இடுப்பிலேயே இருந்தது, ஒரு ஓரம் நனைந்து. டாக்டர் இரண்டு தரம் பார்த்தார்.

"நாலாம் தேதி நூத்திப்பத்துக்கு எழுபது. ஒம்பதே நாள்ல இவ்வளவு ஏறியிருக்கே, சிஸ்டர்."

சிலபேருக்குத் திடீரென்று ஏறும் மேடம் என்றேன். அதுவும் உண்மைதான், ஏறும். அவர் ரெஃபரல் சீட்டில் திடீரென ஏறியது என்று எழுதினார்.

ஆம்புலன்ஸில் கூடப் போனேன். பாதி வழியில் ஒரு வலிப்பு. நாக்கைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் நேரே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. ஆயிரத்து முந்நூற்று எண்பது கிராம். அழவில்லை, பிறகு அழுதது என்றார்கள். தாய்க்கு ஆறு பாட்டில் ரத்தம். கண் முழிக்கவில்லை.

ஜூலை 15, சனி

யூனிஃபார்மில் இருந்த கறை போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டிருக்கிறேன்.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. ஊர் முழுக்க ஸ்பீக்கர் செட்.

பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இசக்கிராணி கண் முழித்துவிட்டாள். சிறுநீர் இறங்கவில்லை. பையில் மூன்று நாளாகக் காப்பி டிக்காஷன் மாதிரி ஒரு கால் டம்ளர். ரத்தம் அவ்வளவு போனதில் சிறுநீரகம் அடங்கிவிட்டதாம். நேற்று டயாலிசிஸ், நாளை மறுபடி. முகம் இன்னும் வற்றவில்லை.

குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய் வைத்துக் காற்று போகிறது. தொடை என் கட்டை விரல் அளவு. வாயில் போட்ட குழாய் வழியே இரண்டு மில்லி பால். அதுவும் தாய்ப்பால் வங்கியில் வேறு யாரோ கொடுத்த பால். உலகநாதன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். லோடு ஏற்றி ஏற்றித் தோள் அப்படி இருக்கிறது அவனுக்கு. அந்தத் தோளைக் குறுக்கிக்கொண்டு, பொழச்சிருமா சிஸ்டர் என்று கேட்டான். பொழச்சிரும் என்றேன். தாயையா பிள்ளையையா, யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 20, வியாழன்

குழந்தைக்கு மஞ்சள் காமாலை. நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எடை ஆயிரத்து இருநூற்று எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. முதலில் இறங்கத்தான் செய்யும் என்று நர்ஸ் சொன்னாள். எனக்குத் தெரியாதா. ஆனாலும் அவள் சொன்னது நன்றாக இருந்தது.

கேஸ் தீர்ந்துபோய் இரண்டு நாளாக மண்ணெண்ணெய் அடுப்பு.

ஜூலை 22, சனி

இன்று வீட்டுப் பார்வைக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். சண்முகக்கனி அம்மாள் என்னை உட்காரச் சொல்லி டீ போட்டாள். கருவாட்டுப் பானையைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டாளாம். மருமகள் வளைகாப்பு முடிந்த மறுநாள் யாருக்கும் தெரியாமல் நெத்திலிக் கருவாடு சுட்டுத் தின்றாளாம். அதுதான் பிரஷரை ஏற்றிவிட்டது என்று தெருவே பேசுகிறது.

"நீங்க எத்தன வாட்டி சொல்லியிருப்பிய, உப்பு ஆவாது, கருவாடு ஆவாதுன்னு. கேட்டாளா? செவ்வாக்கெழம வரச்சொன்னதுக்கும் வரல. நாக்க அடக்காம எம்பேத்திய கண்ணாடிக்குள்ள கெடத்திட்டா, நர்ஸம்மா."

கருவாடு கூடாது என்பது என் போஸ்டர்தான். கிளினிக் சுவரில் நான் ஒட்டியது, மீன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு. வாய் வரைக்கும் ஒன்று வந்தது. டீ சூடாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

இவர், என் வீட்டுக்காரர், ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டயரானவர். வீட்டில் எதுவும் ஓட்டையாக இருந்தால் பொறுக்காது. என் பையிலிருந்த பிரஷர் மெஷினை எடுத்துப் பார்த்தார். சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டினார், உப்புத்தாளில் தேய்த்தார், சொல்யூஷன் தடவி ஒட்டினார். தண்ணீர் வாளியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழ் இல்லை. பத்து நிமிஷம்.

"இது எப்பலேந்து ஓட்டை?"

இப்பத்தான் என்றேன்.

சாப்பிட முடியவில்லை. வெயில்.

ஜூலை 26, புதன்

தடுப்பூசியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு மாவட்ட ரெவ்யூவுக்குப் போனேன். சாகக் கிடந்து பிழைத்த தாய்மார்களைப் பற்றி மாதம் ஒருதரம் நடப்பது. பெரிய ஏசி ஹால், ஆளுக்கொரு பிஸ்கட் தட்டு. இசக்கிராணி ஒரு எண்ணாகத் திரையில் வந்தாள். ஜூலை நாலு, ரத்த அழுத்தம் நூற்றுப்பத்துக்கு எழுபது. ஜூலை பதினொன்று, வரவில்லை. ஜூலை பதிமூன்று, நஞ்சுக்கொடி பிரிதல், வலிப்பு, ரத்தப்போக்கு, சிறுநீரகச் செயலிழப்பு.

அதிகாரி என்னைப் பாராட்டினார். ஒழுங்காகப் பதிவு பண்ணியிருக்கிறார், ஆம்புலன்ஸில் கூடவே போயிருக்கிறார், இப்படித்தான் இருக்கணும் என்றார். காரணம் என்ற கட்டத்தில், தாய் பரிசோதனைக்கு வரத் தவறியது என்று டைப் அடித்தார்கள். டாக்டர் நஸ்ரின் மட்டும், கருவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஊர்ல யாராவது சொல்லணும், அந்தப் பொண்ண போட்டு வறுத்து எடுக்கறாங்க என்றார். அதைக் கட்டத்தில் எழுதவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் குண்டு குண்டாக அழகாக இருக்கும்.

ஜூலை 27, வியாழன்

தலைவலி. லீவு.

ஜூலை 30, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இசக்கிராணிக்கு டயாலிசிஸ் நிறுத்திவிட்டார்கள், சிறுநீர் இறங்குகிறது. பாலும் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எவர்சில்வர் கிண்ணத்தில் கையால் பிழிந்து எடுத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடிக்கக் கை இல்லாமல் நடந்து பிள்ளைகள் வார்டுக்குப் போகிறாள். வயிற்றுத் தையல் இழுக்கிறது. காலில் நரம்பு தெரிகிறது இப்போது. எனக்கு இவள் காலின் உண்மையான அளவே இத்தனை நாள் தெரியாது.

குழந்தையை மார்பில் போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், தோலோடு தோலாக, நாளைக்கு ஐந்தாறு மணி நேரம். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குழந்தையின் தலை அவள் கழுத்துக் குழிக்குள் அடங்கியிருந்தது. கண் பரிசோதனை இருக்கிறதாம். குறைமாசப் பிள்ளைக்குப் பார்வை பார்ப்பார்களாம்.

"ஒரே ஒரு கருவாடுதான் தின்னேன், சிஸ்டர். நீங்க அவ்வளவு பாத்து பாத்துச் சொல்லியும் கேக்காம போயிட்டேன். மன்னிச்சிருங்க."

பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓட்டப்பிடாரத்தில் உன் அண்ணன் வீட்டில் போய் ஒரு வருஷம் இரு, உன்னை நம்பி இனி எதையும் விட முடியாது என்று சொல்லிவிட்டாளாம். உலகநாதன் வாயைத் திறக்கவில்லை. "நான் போயிட்டா பாலுக்கு என்ன செய்வாவ?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சும்மா கேட்டாள்.

மன்னிப்பு. என்னிடம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. உப்பளம் ஓரமாக வரும்போது முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குவியல். கண் கூசுகிறது என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். அழுதேன், வேறென்ன.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கிளினிக். பதினாறு பேர். மெஷின் நன்றாக வேலை செய்கிறது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, வியாழன்

எழுதிவிட வேண்டியதுதான். என் நோட்டில்கூட நான் எழுதவில்லை என்று இன்று முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். "முடித்து அனுப்பிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். என்னத்தை முடித்தேன்?

ஜூலை நாலாம் தேதி இசக்கிராணிக்கு நான் பிரஷர் பார்க்கவில்லை. பதினாலு பேருக்கும் பார்க்கவில்லை. பதினாலு அட்டையிலும் 110/70 என்று எழுதினேன். மாற்றி மாற்றி எழுதக்கூட அலுப்பு. சர்வீஸில் முதல் தரமும் இல்லை. மழைக்காலத்தில், மெஷின் ரிப்பேரான நாட்களில், தலை சுற்றிய நாட்களில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு நம்பர் உண்டு. என்னுடையது நூற்றுப்பத்துக்கு எழுபது.

மற்ற பதின்மூன்று பேரையும் பதினெட்டாம் தேதியிலிருந்து இரவல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் சரியாக இருந்தது. அதையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் ஏன் போனேன் என்று எழுதவேண்டுமே.

ஆகஸ்ட் 5, சனி

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். வேலை போயிருமா என்று கேட்டார். தெரியாது, இன்னும் ஏழு வருஷம் இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பிள்ள கண்ணு தெரியுதாமா என்று கேட்டார். திங்கள்கிழமைதான் பார்ப்பார்கள் என்றேன். அப்புறம் எழுந்து போய் என் ஸ்கூட்டிக்குக் காற்றடித்தார்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கண் நரம்பு இன்னும் முழுசாக வளரவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டணும் என்று சொல்லியிருக்கிறார்கள். எடை ஆயிரத்து அறுநூற்று முப்பது.

ஆகஸ்ட் 14, திங்கள்

டிஸ்சார்ஜ். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆயிரத்து எழுநூற்று எண்பது. வியாழக்கிழமை ஓட்டப்பிடாரத்திலிருந்து அண்ணன் வந்து இசக்கிராணியைக் கூட்டிப்போகிறாராம். பால் பவுடர் டப்பா வாங்கி வைத்துவிட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள்.

நாளை மறுநாள் நான் போகவேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய வீட்டுப் பார்வை. டியூட்டிதான். போய்த்தான் ஆகவேண்டும்.

ஆகஸ்ட் 16, புதன்

தடுப்பூசியை மதியத்தோடு முடித்துக்கொண்டு மூன்று மணிக்குப் போனேன். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் நஸ்ரினிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். படித்தார். மேலே அனுப்பித்தான் ஆகணும் சிஸ்டர் என்றார். அனுப்பத்தான் மேடம் கொடுக்கிறேன் என்றேன். அன்றைக்குப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம், இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். இசக்கிராணி சுவரில் சாய்ந்து, பிள்ளையை மார்பில் கட்டியிருந்தாள். சண்முகக்கனி அம்மாள் அவள் துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உலகநாதன் வாசற்படியில் இருந்தான். டீ வேண்டாம் என்றேன். உட்காரவும் இல்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"ராணி, அந்தச் செவ்வாக்கெழம ஒனக்கு நான் பிரஷர் பாக்கல. மெஷின் ஓட்டை. நம்பர நானா எழுதினேன். நல்லாருக்குன்னு சொன்னதும் பொய்தான்."

சண்முகக்கனி அம்மாள் கையில் ஒரு பாவாடை இருந்தது, மடித்தது பாதி. நான் மீதியையும் சொன்னேன். காலில் வீக்கத்தை நானும் அளத்துக் கால் என்று விட்டுவிட்டேன். வளைகாப்பில் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்தது, அன்றைக்கே மெஷின் தேடி ஓடியிருக்கணும், ஓடவில்லை. நல்லாருக்கு என்று நான் சொன்னதால்தான் அவள் அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. கருவாட்டால் இது வராது, டாக்டரே சொல்கிறார். இந்த நோய் ஏன் ஒருத்திக்கு வருகிறது என்று பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே முழுசாகத் தெரியாது. சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் பிரஷர் பார்ப்பது. அதைத்தான் நான் செய்யவில்லை.

இசக்கிராணி என்னைத் திட்டுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அதற்குத் தயாராக இருந்தேன்.

"அப்போ இது நான் செஞ்சதில்லியா, சிஸ்டர்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். மறுபடி கேட்டாள், அதே வார்த்தை. மறுபடியும் இல்லை என்றேன். அப்புறம் அழுதாள். பிள்ளை குலுங்கக் கூடாது என்று தலையில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், ரொம்ப நேரம். மூத்திரம் வராமல் கிடந்த நாளெல்லாம் அந்த ஒரு கருவாட்டை நினைத்துத்தான் அழுதேன் என்றாள்.

சண்முகக்கனி அம்மாள்தான் எழுந்தாள். என் முகத்துக்கு நேரே வந்தாள். கூடப் பொறந்தவ மாதிரி ஒங்கள நெனச்சேனே என்றாள். நீங்க இங்க குடிச்ச டீயெல்லாம் எப்படித் தொண்டையில எறங்குச்சு என்று கேட்டாள். வளையலை நீங்கதான உடைச்சிய என்றாள். எல்லாவற்றுக்கும் ஆமா என்றேன். உலகநாதன் எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் உள்ளே போய்ப் பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தான். அவன் அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் புறப்படத் திரும்பினேன்.

"எங்க போறிய? பாக்க வந்தத பாத்துட்டுப் போங்க" என்றாள் இசக்கிராணி.

கையை நீட்டினாள். உடைந்த வளையல் கீறிய தழும்பு மணிக்கட்டில் வெள்ளையாக இருந்தது. பட்டையைச் சுற்றினேன். மெஷினை என் மடியில் வைத்தபோது, அதைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"முள்ள எனக்கும் காட்டுங்க. காட்டிட்டு எழுதுங்க."

காட்டினேன். ஏற்றினேன், மெதுவாக இறக்கினேன். முதல் சத்தம் கேட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன், சத்தம் நின்ற இடத்தையும். அவள் குனிந்து பார்த்தாள். நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்றிரண்டு. அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நாலாம் தேதிக்கு நேரே இருந்ததை ஒரே கோடாக அடித்து, பார்க்கவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். கீழே இன்றைய தேதி, இன்றைய நம்பர். மாத்திரையை நிறுத்தக் கூடாது, திங்கள்கிழமை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சொன்னேன். சரி என்றாள். யாரும் என்னை வாசல் வரை வந்து அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மெமோ வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேறு ஆள் போடும்வரை கிளினிக்கை நான்தான் பார்க்கவேண்டுமாம்.

இன்று பத்தொன்பது பேர். ஊர் முழுக்க விஷயம் தெரியும். ஒவ்வொருத்தியும் முள்ளைக் காட்டு என்றாள். பத்தொன்பது பேருக்கும் காட்டி எழுதினேன். முடிய நாலு மணி. பதினேழாவதாக வந்த பிள்ளை அளத்தில் தலைச்சுமை தூக்குகிறவள், இருபத்தெட்டு வாரம், தலைவலி இல்லை, ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டு வந்தாள். நூற்று ஐம்பதுக்கு நூறு. அரை மணி உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். அதேதான். வேலைக்குப் போகணும் சிஸ்டர் என்றாள். கிளினிக் முடிந்ததும் கையைப் பிடித்து நாலேகால் பஸ்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.